முன்னோரைத் தேடி: கப்பல் பாஸும் பாட்டியின் நினைவும்

நியூசிலாந்துக்குக் குடிவரும் தமிழருக்கு முதல் சில மாதங்களிலேயே யாராவது ஒருவர் 'தமிழ் மணி' கதையைச் சொல்லிவிடுவார். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மதபோதகர், வாங்கரெய் பக்கத்தில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். உற்றுப் பார்த்தால் அது பாத்திரமே இல்லை, விளிம்பு உடைந்த ஒரு மணி. சுமார் 13 சென்டிமீட்டர் உயரம். அதைச் சுற்றிலும் எழுத்துகள். பெரிய மரம் ஒன்று காற்றில் வேரோடு சாய்ந்தபோது அடியில் கிடைத்தது என்று அவர்கள் சொன்னார்கள். எழுத்து தமிழ் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 'முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி' என்று இன்று அதை வாசிக்கிறார்கள். வெலிங்டனில் உள்ள டெ பாபா அருங்காட்சியகத்தில் அந்த மணி பத்திரமாக இருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்டதும் நம்மவர்களுக்குப் பெருமை பொங்கும். எனக்கோ வேறொன்று தோன்றுகிறது. பொருள் இருக்கிறது, உரிமையாளர் பெயரும் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும் அந்த முகையதீன் எந்த ஊர்க்காரர், அந்தக் கப்பலுக்கு என்ன ஆயிற்று, மணி எப்படி இவ்வளவு தெற்கே வந்தது என்பதற்கெல்லாம் ஊகங்கள்தான் உண்டு. கதை பிரிந்துபோன பொருளின் கதி இதுதான். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பித்தளைச் செம்புக்கும் இதே கதி வர இருநூறு வருடம் தேவையில்லை, இரண்டு தலைமுறை போதும்.

குடும்ப வரலாறு தேடுவதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆவணம் ஒரு பாதி, வீட்டுப் பெரியவர்களின் நினைவு மறுபாதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முன்னோர் கண்ணில் படுவார்கள். ஆவணம் காத்திருக்கும். பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

ஆளுக்கொரு பாஸ்

ஆக்லாந்தில் தமிழ்ப் பெயர் தாங்கிய எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்கள் அல்லர். சாமி, கவுண்டர், நாயுடு, பிள்ளை, முதலியார் என்று பெயர் இருக்கும், ஆனால் பேச்சு பிஜி ஹிந்தியில் இருக்கும். 1987, 2000 ஆண்டுகளின் ஆட்சிக் கவிழ்ப்புகளுக்குப் பிறகு பிஜியிலிருந்து இங்கு வந்த குடும்பங்கள் ஏராளம். ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். 'அக்ரிமென்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று.

1879 மே 14 அன்று 'லியோனிடாஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் தொகுதியை பிஜிக்குக் கொண்டுவந்தது. கடைசிக் கப்பல் வந்தது 1916-ல். இடைப்பட்ட காலத்தில் வந்தவர்கள் 60,000-க்குச் சற்று அதிகம். சென்னையிலிருந்து ஆள் அனுப்புவது 1903-ல்தான் தொடங்கியது. ஆகவே தென்னாட்டவர் மொத்தத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். வட ஆற்காடு, சென்னை, தஞ்சாவூர், கிருஷ்ணா, கோதாவரி, விசாகப்பட்டினம், மலபார் எனப் பல ஜில்லாக்களிலிருந்து வந்தார்கள். ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு. ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ் என்று கூலி பேசப்பட்டது. கொடுத்த வேலையை முடிக்காதவருக்கு அதுவும் முழுதாகக் கிடைக்காது.

இந்த அநியாயமான ஏற்பாட்டில் ஒரே ஒரு விஷயம் இன்று நமக்கு உதவுகிறது. கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ் எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, ஜாதி, நெருங்கிய உறவினர், மணமானவரென்றால் யாரை மணந்தவர், ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம் என்று வரிசையாகக் கட்டங்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய மச்சமும் தழும்பும், இன்று கொள்ளுப் பேரனுக்குக் கிடைக்கும் ஒரே உருவப்படமாக இருக்கின்றன. மூலப் பாஸ்கள் சூவாவில் உள்ள பிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களைப் பற்றி பாரதி பாடியது நம் எல்லோருக்கும் தெரியும். அவர் பெயர் தெரியாத பெண்களுக்காக வருந்தினார். அந்தப் பெயர்கள் எல்லாம் தகப்பன் பெயரோடும் ஊரோடும் சூவாவில் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன!

இவற்றைக் கொண்டு என்ன செய்யலாம் என்று காட்டியவர் பிரிஜ் லால். கிர்மிட் குடும்பத்தில் பிறந்து வரலாற்றாசிரியர் ஆனவர், 2021-ல் மறைந்தார். கல்கத்தா வழியாக வந்த 45,439 பேரின் பாஸ்களையும் கணினியில் ஏற்றி, 1983-ல் புத்தகமாக வெளியிட்டார். கிர்மிட் பெண்கள் எல்லோரும் யாரோ ஒருவரின் பின்னால் வந்தவர்கள் என்ற எண்ணம் அதில் உடைந்தது. வயதுவந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் தனியாகவே கப்பலேறியிருந்தார்கள். மென்பொருள் தொழிலில் இருக்கும் எனக்கு அந்தக் காலத்துக் கணினியில் அத்தனை ஆயிரம் பாஸ்களை ஏற்றியது மலைப்பாகத்தான் இருக்கிறது. அவர் ஆய்வு வடநாட்டவரைப் பற்றியது. சென்னைக் கப்பல்களில் வந்தவர்களைத் தேடுவது பெரும்பாலும் அந்தந்தக் குடும்பத்தின் பொறுப்பாக இருக்கிறது.

ஒரு தாலுகாவைக் கண்டுபிடித்த விதம்

என்னோடு வேலை பார்க்கும் பிஜித் தமிழ் நண்பர் ஒருவர் தன் முன்னோரின் பாஸ் நகலை என்னிடம் கொண்டுவந்தார். 1909-ஆம் வருடத்தது. பெயரும் தகப்பன் பெயரும் தெளிவாக இருந்தன. ஜில்லா வட ஆற்காடு. கிராமத்தின் பெயர் 'பட்டு' என்று முடிகிறது, முன்பாதி புரியவில்லை. தாலுகா இருந்த இடத்தில் மை ஊறிப் பரவியிருந்தது.

'வட ஆற்காடு என்றால் வேலூர்தானே' என்று முடித்துவிட முடியாது. 1909-ல் அந்த ஜில்லாவின் தலைநகரே சித்தூர். 1911-ல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆனது, இன்று அது ஆந்திராவில் இருக்கிறது. மிச்சமிருந்த வட ஆற்காடு 1989-ல் இரண்டாயிற்று. அதில் வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆகவே பழைய பாஸில் உள்ள ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் தேடாமல், பாஸ் எழுதிய வருடத்து எல்லைகளை வைத்துத் தேட வேண்டும். 'பட்டு' என்று முடியும் ஊர்களோ அந்தப் பக்கம் முழுக்க இறைந்து கிடக்கின்றன.

நண்பரின் பாட்டி தெற்கு ஆக்லாந்தில் மகன் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், கிர்மிட்டில் வந்தவரின் பேத்தி. ஒரு சனிக்கிழமை நண்பரோடு போய் உட்கார்ந்தேன். பாட்டி பிஜி ஹிந்தியில் பேச நண்பர் எனக்குச் சொன்னார். நடுநடுவே தமிழ்ச் சொற்கள் தாமாக வந்து விழுந்தன. ஊர் பெயர் கேட்டோம், நினைவில்லை. சாமி பெயர் கேட்டோம், 'அம்மா' என்றார். பிஜியில் தென்னாட்டார் எல்லோருக்குமே அம்மன்தான், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'தாத்தா ஊர்த் திருவிழாவைப் பற்றி ஏதாவது சொல்வாரா?' என்று கேட்டதும் பாட்டி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "தலை வரும்" என்றார், தமிழிலேயே. அம்மனின் தலை மட்டும் ஊர்வலமாக வருமாம், வெயில் காலத்தில் வருமாம், தாத்தா அதைச் சொல்லும்போது எழுந்து நின்றுவிடுவாராம்.

வேலூரில் படித்தவன் என்பதால் எனக்கு உடனே விளங்கிவிட்டது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா! ஒவ்வொரு வருடமும் வைகாசி முதல் நாள் அம்மனின் சிரசு ஊர்வலமாக வரும். சுற்றுவட்டத்துக் கிராமங்கள் சிலவற்றிலும் சிரசு விழா உண்டு. மறுபடி நகலை எடுத்து அந்த மைக்கறையைப் பார்த்தோம். வால் நீண்ட முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் குடியாத்தத்துக்கு ஒத்துவந்தன. தெரிந்தது தாலுகா மட்டும்தான், கிராமம் எது என்பது இன்னும் முடியவில்லை. இருந்தாலும் ஒரு ஜில்லா ஒரு தாலுகாவாகச் சுருங்கியது பெரிய லாபம். காகிதத்தை மட்டும் பார்த்தால் அது கறை. பாட்டியின் சொல்லை மட்டும் கேட்டால் அது ஒரு கிழவியின் கதை. இரண்டும் சேர்ந்தபோது ஊருக்குப் போகும் வழி கிடைத்தது.

நெருங்கிய உறவினர் என்ற கட்டத்தில் ஒரு தம்பியின் பெயர் இருந்தது. அப்படி ஒருவர் இருந்ததை வீட்டில் யாருமே கேட்டதில்லை. நண்பர் அந்தப் பெயரை வாசித்துக் காட்டியபோது பாட்டி மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு தானும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். குடியாத்தம் பக்கத்தில் எங்கோ அந்தத் தம்பியின் வழியில் வந்தவர்கள் இருக்கலாம். அவர்கள் வீட்டிலும் 'கப்பலேறிப் போனவர் திரும்பவில்லை' என்று ஒரு வரி மிஞ்சியிருக்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது

மாவோரியர் தங்கள் வம்சாவளியை 'வகபாபா' என்பார்கள். அவையில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது தன் மலை, தன் ஆறு, முன்னோர் வந்த படகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் தன் பெயரைச் சொல்வார்கள். நம்மிடமும் ஊர், குலதெய்வம், பங்காளி வகையறா என்று அதே வரிசை இருந்தது. பிஜித் தமிழரிடம் அவற்றோடு கப்பலின் பெயரும் சேரும். எனவே தேடலுக்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாகத் தெரிந்த முன்னோர் யார், அவர் தகப்பனார் யார், எந்தக் கப்பல், எந்த வருடம், எந்தத் தோட்டம், குலதெய்வம் எது. பாஸ் எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளில் சில சமயம் அது குறிக்கப்பட்டிருக்கும். ஆக்லாந்தில் இருப்பவர்கள் லோர்ன் தெருவில் உள்ள மத்திய நூலகத்துக்குப் போய், குடும்ப வரலாற்றுத் தேடலுக்கு உதவும் நூலகர்களிடம் முதலில் கேட்டுப் பார்க்கலாம். சூவாவுக்கு எழுதுவது அதற்கடுத்த படி.

வேறு நாட்டுக்குப் போன குடும்பங்களுக்கும் வழி உண்டு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேரின் கப்பல் பட்டியல்கள் கணினியில் ஏறிவிட்டன, அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். மொரீஷியஸ் பதிவுகள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில், புகைப்படங்கள் உட்பட உள்ளன. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் கங்காணி வழியாகப் போனவர்களுக்கு இத்தனை விவரமான பாஸ் கிடையாது. அங்கே பெரியவர்களின் நினைவுதான் முதல் ஆவணம்.

யாழ்ப்பாணத்தவருக்கு நல்ல மூலம் ஒன்று உண்டு. இறந்தவரின் 31-ஆம் நாளில் வெளியிடும் கல்வெட்டு அல்லது நினைவு மலர். பலவற்றில் வம்சாவளியே அச்சிட்டிருப்பார்கள். 1981-ல் யாழ் நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபின், வீட்டு அலமாரிகளில் தப்பிய இந்தச் சிறு மலர்களின் மதிப்பு கூடியிருக்கிறது. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் இவற்றையும் மின்பதிவு செய்கிறது. தமிழ்நாட்டவர் மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், கிரயப் பத்திரம், பட்டா ஆகியவற்றைத் தேடலாம். மொய் நோட்டில் உறவினர் பெயர் ஊரோடு வரிசையாக இருக்கும், அது ஒரு குட்டி மக்கள்தொகைக் கணக்கு!

பெயர்களில் கவனம் தேவை. குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். முனுசாமி 'மூன்சாமி' ஆனது அப்படித்தான். ஒரே பெயரை நாலு விதமாக எழுதிப் பார்த்துத் தேடுங்கள். கணினியில் வம்சாவளி போடுபவர்களுக்கு இன்னொரு சங்கடம். இந்த மென்பொருள்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் 'ஜெட்காம்' என்ற வடிவம் 1984-ல் மார்மன் சபையினர் உருவாக்கியது. எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்ற நினைப்பில் செய்தது. நம் தகப்பன் பெயரை அந்த இடத்தில் போட்டால் தலைமுறைக்குத் தலைமுறை 'குடும்பப் பெயர்' மாறிக்கொண்டே போகும். அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்ப் பதிவுகள் போடலாம். தமிழில் ஒன்று, பாஸில் உள்ளபடி ஒன்று, வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று என்று மூன்றையும் போடுங்கள்.

பெரியவர்களிடம் கேட்பது

'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்றால் எந்தப் பாட்டியும் 'சொல்ல என்ன இருக்கு' என்பார். சின்னக் கேள்விகளாகக் கேட்க வேண்டும். அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது? தாத்தா யாரைக் கண்டால் பேச மாட்டார்? பஞ்ச காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள்? திருவிழாவில் என்ன வரும்? பழைய புகைப்படத்தையோ பாத்திரத்தையோ கையில் கொடுத்துக் கேட்டால் இன்னும் நல்லது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், இன்னொரு நாள் போகலாம். அவருக்கு வசதியான மொழியில் பேசவிடுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் தொலையும், குரலில் பதிந்த தேதி தொலையாது.

தோண்டும்போது எல்லாமே இனிப்பாக வராது. பாஸில் எழுதிய ஜாதி வீட்டில் சொல்லி வந்ததாக இருக்காது. ஊரில் மனைவியை விட்டு வந்தவர் என்று தெரியவரும். பெரியவர்களிடம் அதை ஆதாரத்தோடு நீட்டி வழக்காட வேண்டியதில்லை. இரண்டையும் அருகருகே எழுதி, எது காகிதத்தில் வந்தது, எது வாய்மொழி என்று குறித்து வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு இரண்டும் வேண்டும்.

பொருள்களைக் காப்பது

ஆக்லாந்தின் ஈரம் காகிதத்துக்கு எமன். கராஜில் அட்டைப் பெட்டிக்குள் வைத்தால் பூஞ்சையும் வெள்ளிமீன் பூச்சியும் பார்த்துக்கொள்ளும். வீட்டுக்குள் நிழலான, உலர்ந்த அலமாரியில், அமிலமில்லாத உறையில் வையுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், செல்லோடேப்பும் கூடாது. புகைப்படத்தின் பின்புறம் பேனாவால் அழுத்தாமல் மென்பென்சிலால் பெயர் எழுதுங்கள், 'பெரியப்பா' என்று மட்டும் எழுதினால் யாருக்குப் பெரியப்பா என்று பேரன் கேட்பான். ஸ்கேன் செய்தால் 600 டிபிஐ-யில் செய்து, ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்துவிடுங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் இருந்தால், திறக்க முடிகிறபோதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

பித்தளைப் பாத்திரங்களில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்களே, அதுவும் ஆவணம்தான். யார் சீர், எந்தக் கல்யாணம், எந்த வருடம் என்பதெல்லாம் அதில் இருக்கும். புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தால் எழுத்து தேய்ந்துவிடும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும். முதலில் அந்த எழுத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளோடும் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வையுங்கள்: யாருடையது, எப்படி வந்தது, இதை யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள். முகையதீனின் மணியோடு அப்படி அரைப் பக்கம் வந்திருந்தால் எத்தனையோ கட்டுரைகளுக்கு வேலை இருந்திருக்காது.

பிஜியில் கிர்மிட் தினம் மே 14. 2023-ல் அதை அரசு விடுமுறையாக்கினார்கள். வைகாசி முதல் நாளும் அதையொட்டியே, மே 14 அல்லது 15-ல் வரும். நண்பர் வீட்டில் இனி அந்த நாளில் இரண்டையும் சேர்த்துக் கொண்டாடப் போகிறார்களாம். பாட்டியின் பதிவு இதுவரை நாலு மணி நேரம் ஆகியிருக்கிறது. 'பட்டு' என்று முடியும் ஊர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அடுத்த முறை ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள்.